தூர நின்று அடிப்பவன்: தால்சிம் பாத்திரத்தின் பலமும் பலவீனமும்

‘ஆம்பளையா இருந்தா கிட்ட வாடா.’ 1996இல் கோவை காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்கு அடியில் இருந்த வீடியோ கேம் கடையில் இந்த வாக்கியத்தை நாளைக்குப் பத்து முறையாவது கேட்கலாம். சொல்லப்பட்டது பாதி ஆடுகிறவனிடம், பாதி திரையில் இருந்த பிம்பத்திடம். பிம்பத்தின் பெயர் தால்சிம். நாடு இந்தியா. அந்தப் பாத்திரத்தின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று மதிப்பிடும் முயற்சி இது. ‘வீடியோ கேமுக்கெல்லாம் விமர்சனமா, ஊரில் வேறு பிரச்சனையே இல்லையா’ என்று கேட்கிற தோழர்கள் உண்டு. மல்யுத்தம் பற்றி ரோலான் பார்த் எழுதியதை மொழிபெயர்த்துப் போட்டால் அடிக்கோடு போட்டுப் படிக்கிறோம். நம்ம பையன்கள் ஒரு ரூபாய் டோக்கன் போட்டு ஆடுவதைப் பற்றி எழுதினால் மட்டும் முகம் சுளிக்கிறோம் என்றால் கோளாறு விளையாட்டில் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்பது ஜப்பானின் ஒசாகா நகரத்து காப்காம் கம்பெனி 1991இல் வெளியிட்ட சண்டை விளையாட்டு. ஒரு பெட்டி, இரண்டு பேர், ஆளுக்கொரு குச்சி, ஆறு பொத்தான்கள். மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. சண்டைக்காரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும். இரண்டு சுற்று ஜெயித்தவன் நிற்பான். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். எங்கள் கடையில் இருந்தது 1992இல் வந்த ‘சாம்பியன் எடிஷன்’. அசலா நகலா என்று யாரும் கேட்டதில்லை. ஸாங்கீஃபைக் ‘குஸ்தி’ என்றும், கைலை ‘மிலிட்டரி’ என்றும், உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிற ப்ளாங்காவைக் ‘கரண்ட்டு’ என்றும் சொல்வார்கள். தால்சிம் என்ற பெயரை யாரும் உச்சரித்ததாக நினைவில்லை. அவன் ‘யோகா’.

சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு லேத் பட்டறைப் பையன்கள் வருவார்கள். விரல் நகத்தில் ஆயில் கறுப்பு போயிருக்காது. இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் அரைமணி நேரம் வருவார்கள். மூடிக்கொண்டிருந்த மில்களில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் ஆடக் காசில்லாமல் பார்ப்பதற்காகவே வருவார்கள். நான் பத்திரிகை விற்கவும் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் அந்தப் பக்கம் அலைந்துகொண்டிருந்தவன். பட்டறைப் பையன் ஒருவன், பதினேழு வயசிருக்கும், ஒல்லி, நல்ல கறுப்பு. அவனுக்கும் பட்டப்பெயர் ‘யோகா’தான். பெயர் முதலில் வந்து, அதனால் அவன் அந்தப் பாத்திரத்தை எடுத்தானா, பாத்திரத்தை எடுத்ததால் பெயர் வந்ததா என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெயர்தான் முதலில் வந்தது.

*

தால்சிமை முதலில் பார்க்கிறவனுக்குக் கோபம் வர வேண்டும். எனக்கு வந்தது. மொட்டைத் தலை, நெற்றியில் சிவப்புக் கோடுகள், எலும்பு தெரிகிற உடம்பு, கழுத்தில் மூன்று சின்ன மண்டையோடுகள். கம்பெனி சொல்லும் கதைப்படி அவை கொள்ளை நோயில் இறந்துபோன அவன் ஊர்க் குழந்தைகளுடையவை. எடை 48 கிலோ. கையும் காலும் ரப்பர் மாதிரி நீளும். வாயிலிருந்து தீ வரும், வரும்போது ‘யோகா’ என்று கத்துவான். அவனுடைய களத்தில் இரண்டு பக்கமும் யானைகள் நின்று பிளிறும். அமைதியை விரும்புகிறவன், ஏழைக் கிராமத்துக்குப் பணம் சேர்க்கத்தான் சண்டைக்கு வந்தான் என்று ஒரு கதையும் சேர்த்திருக்கிறார்கள். ஜெயித்த பிறகு, தியானம் செய்துவிட்டு உன்னை அழிப்பேன் என்கிற பொருளில் ஒரு வசனம். யோகி, பஞ்சம், யானை, மாயம். நூற்றைம்பது வருஷமாக மேற்கு சேர்த்து வைத்த சரக்கு மொத்தமும் ஒரே உடம்பில்.

இதில் ஒரு சிக்கல், இதைச் செய்தது மேற்கு அல்ல. ஜப்பான். அதற்கு முன்பே, ஜிம்மி வாங் யூ 1976இல் எடுத்து நடித்த குங்ஃபூ படம் ஒன்றில் கை நீளுகிற இந்திய யோகி வருகிறான். தால்சிமின் மூலம் அதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ 1978இல் வந்தபோது கீழைநாடு மேற்கின் கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்று காட்டியது. இங்கே கீழைநாடு ஒன்று இன்னொரு கீழைநாட்டை அதே கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்க்கிறது. சயீதின் புத்தகத்தை நானும் இரவல் வாங்கித்தான் படித்திருந்தேன். அந்தச் சூட்டில், அந்தக் கடை வாசலிலேயே பையன்களிடம் இதையெல்லாம் விளக்கினேன். நம்மைக் கேவலப்படுத்துகிறான் பாருங்கள், மண்டையோடு மாட்டியிருக்கிறான் பாருங்கள் என்றேன்.

‘அது சரிங்ணா,’ என்றான் அந்தப் பட்டறைப் பையன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. ‘அவன் நீட்டுன கை திரும்பி வர எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாத்தீங்ளா?’

எனக்குத் தெரிந்து தால்சிமைப் பற்றிய முதல் விமர்சன வாக்கியம் அதுதான். என்னுடையது வருணனை.

*

அவன் சொன்னதைப் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். இந்த விளையாட்டில் எல்லோருக்கும் ஒரு கை நீளம்தான் கணக்கு. எதிராளியைத் தொட வேண்டுமானால் ஒரு கை தூரத்துக்குப் போக வேண்டும், போனால் நீயும் தொடப்படுவாய். தால்சிமுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. பாதித் திரை தூரத்திலிருந்து குத்துவான். ஆனால் நீண்டு போகிற கை ஆயுதம் அல்ல, உடம்பு. அதன்மேல் அடி விழுந்தால் அவனுக்குத்தான் வலி. அரை திரை தள்ளி நிற்கிறவனின் முழங்கையை உதைத்தாலே அவன் உயிர்க்கோடு குறையும். ஆகவே அவனுடைய பலமும் பலவீனமும் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் அல்ல. ஒரே கை. எவ்வளவு தூரம் எட்டுகிறானோ அவ்வளவு தூரத்துக்கு அடிபடுகிற இடமும் நீளுகிறது.

மற்றவை இதிலிருந்து வருகின்றன. நடை மெதுவு. குதித்தால் பட்டம் மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்குவான், இறங்குவதற்குள் எதிராளி கீழே வந்து காத்திருப்பான். அந்தரத்தில் இருக்கும்போது காலை ஈட்டி மாதிரி கீழே இறக்கி அந்தக் காத்திருப்பைக் கெடுக்கலாம், ஆனால் ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் பாதையை மாற்ற முடியாது. தீ ஊதினால் ஊதி முடித்து நிமிர நேரம் எடுக்கும். சரியாகப் பார்த்துக் குதிப்பவன் தலைக்கு மேலே வந்துவிடுவான். கிட்டே வந்துவிட்டால் தப்பிக்க வழி ரொம்பக் குறைவு. உடனடியாக அடித்துத் தள்ளுகிற அடி, ரியூவிடம் இருக்கிற எகிறிக் குத்துகிற அடி மாதிரி, இவனிடம் கிடையாது. பதிலுக்கு, தரையோடு சறுக்கிப் போகிற உதை இருக்கிறது. எதிரி விடுகிற நெருப்புப் பந்துக்கு அடியில் நுழைந்து போய் அவன் காலைத் தட்டும்.

இதெல்லாம் தனியாகச் சொன்னால் அர்த்தமில்லை, யாரிடம் என்று கேட்க வேண்டும். ஸாங்கீஃப் இந்த விளையாட்டிலேயே பயங்கரமானவன், பிடித்தால் தலைகீழாகச் சுழற்றித் தரையில் அடிப்பான், இரண்டு மூன்று பிடியில் கதை முடிந்தது. ஆனால் பிடிக்க வேண்டுமே. அவன் கிட்டே வர வேண்டும், வருகிற வழியெல்லாம் தால்சிமின் கைகால் இருக்கிறது. கையை விரித்துச் சுழன்றால் நெருப்பு அவனைத் தாண்டிப் போகும், ஆனால் கால் தரையில்தானே இருக்கிறது, தாழ்வாக ஒரு உதை நீட்டினால் போதும். உலகத்தில் எந்த ஆட்டக்காரனைக் கேட்டாலும் இந்த ஜோடியில் குஸ்திக்காரன் பாவம் என்பான். அதே தால்சிம் கைலிடம் போனால் நிலைமை வேறு. கைல் பின்னால் உட்கார்ந்துகொண்டு காற்றுப் பந்தை விட்டுவிட்டு உடனே நிமிர்ந்துகொள்வான். தால்சிமின் தீயைவிட அது வேகம். இரண்டு பொறுமைசாலிகள் எதிரெதிரே. யார் முதலில் பொறுமை இழக்கிறானோ அவன் போனான். முதல் பதிப்பில் உச்சியில் இருந்தவர்கள் இந்த இருவர்தான் என்பது இன்றைக்கும் ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்கிற விஷயம்.

பார்த் 1952இல் எழுதிய மல்யுத்தக் கட்டுரையில் உடம்பே குறி. வில்லன் உள்ளே வரும்போதே அவன் சதை அவன் குணத்தைச் சொல்லிவிடும், முடிவு முக்கியமில்லை, காட்சிதான் முக்கியம். ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் உடம்பு குறிதான். ஆனால் இங்கே முடிவு முக்கியம். அதனால் குறி தன் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பத்தாவது ஆட்டத்தில் மண்டையோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தூரமும் நேரமும்தான் தெரிகின்றன.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுசும் அல்ல. அரவக்குறிச்சி பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்கு நடக்கிற சேவக்கட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கேயும் இரண்டு விமர்சன மரபுகள் உண்டு. ஒன்று சாஸ்திரம். காகம், கீரி, வல்லூறு, மயில் என்று நிறத்தை வைத்துப் பிரித்து, இந்தக் கிழமையில் இந்த நேரத்தில் இது ஜெயிக்கும் என்று சொல்வது. இன்னொன்று கையால் தூக்கிப் பார்ப்பது. தொடையை அமுக்கி, காலை மடக்கி, இன்னொரு சேவலுக்கு நேரே காட்டி அது கழுத்தை எப்படி நீட்டுகிறது என்று பார்த்து ஜோடி போடுவது. சாஸ்திரம் பேசுகிறவரும் பணம் கட்டும்போது தூக்கித்தான் பார்ப்பார். பாலித் தீவின் சேவல் சண்டை பற்றி 1972இல் எழுதிய கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், சண்டையில் பணயமாவது பணத்தைவிட அந்தஸ்து என்றார். தோற்ற சேவலின் கறியை, கோச்சைக் கறியை, ஜெயித்தவன் வீட்டுக்கு எடுத்துப் போகும்போது தோற்றவன் முகத்தைப் பார்த்தவர்கள் இதற்காக பாலிக்குப் போக வேண்டியதில்லை.

*

மதிப்பீடு இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்தப் பையன் ஜெயிக்க ஆரம்பித்தான். சும்மா இல்லை, ஒரு டோக்கனில் ஒரு சாயங்காலம் முழுக்க நிற்பான். எதிரே வரிசையாக ரியூவும் கென்னும் வந்து விழுவார்கள். அப்போதுதான் ‘கிட்ட வாடா’ ஆரம்பித்தது. தூர நின்று அடிப்பது கோழைத்தனம், கள்ள ஆட்டம், ஆம்பளைத்தனம் இல்லை. கடைச் சுவரில் ஓர் அட்டை ஒட்டப்பட்டது. ஒன்று, பிடித்துத் தூக்கிப் போடக் கூடாது. இரண்டு, மூலையில் அடைத்து அடிக்கக் கூடாது. மூன்று, யோகா தொடர்ந்து தீ விடக் கூடாது. மூன்றாவதை மறுபடி படியுங்கள். ரியூவும் கென்னும் விடுகிற நெருப்புப் பந்தைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் தொடர்ந்து விடலாம். அது திறமை.

பிடித்துத் தூக்குவது கேவலம் என்கிற வழக்கு நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை, பல நாட்டுக் கடைகளில் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற விதிகள் போதாமல் பெட்டிக்கு வெளியே விதிகள் எழுதப்படுகின்றன. யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தால் வழக்கமாகத் தோற்கக் கூடாதவர்கள் எழுதுகிறார்கள். நெருங்கி நின்று அடிப்பதில் யாருக்கு வசதியோ அவர்களுக்கு நெருக்கம்தான் வீரம்.

அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். கொங்குத் தமிழில் ‘அக்கட்டால’ என்று ஒரு சொல் உண்டு. அக்கட்டால நில்லு, அக்கட்டால போ. அந்தப் பக்கமாக, தள்ளி. கேட்க மிருதுவான சொல். டீக்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்கள் இவை. நூறு வருஷம் ‘அக்கட்டால நில்லு’ என்றவர்களின் பேரன், அக்கட்டாலேயே நின்று ஜெயிக்கிறவனைப் பார்த்து ‘கிட்ட வாடா’ என்கிறான். தூரம் தப்பு இல்லை, தூரத்தை யார் வைப்பது என்பதில்தான் தகராறு.

இங்கே நானே என்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். நம்ம ஆட்கள் இந்த இடத்தில் உருவகத்தின் மேல் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தால்சிம் விளிம்புநிலை நாயகன், அவன் நீண்ட கை எதிர்ப்பின் கை என்று. இல்லை. தால்சிம் யோகி. யோகம், தவம், துறவு என்ற சொற்கள் இங்கே எந்த மாடத்தில் வைக்கப்பட்டிருந்தன, யாருக்கு அவை மறுக்கப்பட்டன என்பதை மறந்துவிட்டு அவனைச் சேரிக்குத் தத்துக் கொடுக்க முடியாது. பையனும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. ‘ஏன் தம்பி இவனையே எடுக்கற?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘மத்ததெல்லாம் புடிக்க ஆளு இருக்குதுங்ணா. இது சும்மா கெடந்துச்சு’ என்றான்.

மூன்றாவது விதி வந்த பிறகு அவன் தீ விடுவதை நிறுத்திவிட்டான். கை கால், சறுக்கல், அவ்வளவுதான். அப்படியும் ஜெயித்தான். இரண்டு வாரத்தில் அட்டையில் நான்காவது வரி சேர்ந்தது, வேறு மையில். யோகா எடுக்கக் கூடாது.

*

பையன்களின் விமர்சனத்தை இவ்வளவு உயர்த்திச் சொன்ன பிறகு அதன் குறையையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு விதி என்பது மழை மாதிரி, தானாகப் பெய்கிறது. இவன் மெதுவு, அவன் வேகம், இவன் சமநிலை. யார் வைத்தார்கள் என்ற கேள்வி கிடையாது.

முதல் பதிப்பில் எட்டுப் பேர். ஜப்பானுக்கு இரண்டு, அமெரிக்காவுக்கு இரண்டு, பிரேசில், சீனா, சோவியத் யூனியன், இந்தியாவுக்கு ஒவ்வொன்று. சோவியத்காரனுக்குப் பிடி மட்டும்தான், கிட்டே வந்தால் நசுக்குவான். அவன் ஜெயித்தால் முடிவில் கோர்பச்சேவ் மாதிரி ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி அவனோடு சேர்ந்து நடனம் ஆடுவார். விளையாட்டு வந்தது 1991 தொடக்கத்தில், அந்த வருஷம் முடிவதற்குள் ஆட நாடே இல்லை. அமெரிக்கச் சிப்பாய் தற்காப்பில் உட்கார்ந்து தூரத்திலிருந்து சுடுவான். பிரேசில்காரன் பச்சைத் தோல் மிருகம். சீனத்துப் பெண்தான் எட்டுப் பேரில் ஒரே பெண், அவளுக்குக் கால். இந்தியனுக்கு மெதுவும் தூரமும். அசையாமல் உட்கார்ந்திருப்பவன், உலகத்தை எட்டத்தில் வைப்பவன். மண்டையோடு மட்டும்தான் பிம்பம், விதி நடுநிலை என்று நினைத்தோமே, அது தப்பு. பிம்பம் விதிக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது, வேகமாகவும் எடையாகவும் மாறுவேடம் போட்டு. பத்தாவது ஆட்டத்தில் மண்டையோடு மறைந்துபோகிறது என்றேன். மறையவில்லை, கணக்காகிவிட்டது.

நடுவில் ரியூ. ஜப்பானியன். கென் முதல் பதிப்பில் அவனுடைய அச்சு நகல். ரியூவிடம் தூரத்துக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என எல்லாம் இருக்கிறது, எதுவும் மிகையில்லை. அவனுக்குப் பலவீனம் என்று தனியாக எதுவும் இல்லை என்பார்கள். ‘சமநிலையான பாத்திரம்’. புதிதாக ஆடுகிறவன் ரியூவை எடு என்பது உலகம் முழுக்க அறிவுரை. 2008இல் வந்த நான்காம் பாகத்தில் இதை எண்ணாகவே எழுதிவிட்டார்கள். ரியூவின் உயிர் 1000, ஸாங்கீஃப் 1100, தால்சிம் 900. ஆயிரம் என்பது ரியூ. மற்றவர்கள் ஆயிரத்திலிருந்து விலகியவர்கள். மொழிக்குச் சொந்தக்காரனுக்கு வட்டாரவழக்கு கிடையாது, மற்றவனுக்குத்தான் வழக்கு. சாதிப் பெயர் சொல்லத் தேவையில்லாமல் வெறும் ‘ஊர்க்காரர்’ ஆகிவிடுகிறவர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு, சொல்லித்தான் தீர வேண்டியவர்களும் உண்டு. பலம் பலவீனம் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் யாருக்குப் பட்டியல் நீளமாக வருகிறது, யாருக்குக் காலியாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காலியாக இருக்கிறவன்தான் அளவுகோலைப் பிடித்திருப்பவன்.

ஆனாலும் எழுதினவன் நினைத்ததை எல்லாம் ஆடுகிறவன் ஆடுவதில்லை. பொறுமைக்காரன் என்று செய்த பாத்திரத்தை வைத்து ஆட்டக்காரர்கள் எதிரியை மூச்சுவிட முடியாமல் நெருக்கினார்கள். 1992 கடைசியில் வந்த ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ பதிப்பில் அவனுக்கு மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தையைக் கொடுத்தார்கள். இந்தியனுக்கு இன்னொரு மாயம், வேறென்ன வரும் என்று நான் முணுமுணுத்தேன். ஆட்டக்காரர்கள் அதைக் கொண்டு ஒரே நொடியில் தூரத்தை முற்றாக அழித்தார்கள். நீண்ட கைக்காரன் பின்னால் வந்து நிற்கிறான், எதிரி எந்தப் பக்கம் தடுப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

*

நம் இலக்கிய விமர்சனத்தில் பாத்திர மதிப்பீடு என்பது இன்னமும் பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல்தான். முற்போக்குப் பாத்திரம், பிற்போக்குப் பாத்திரம், வலுவான பெண், பலவீனமான ஆண். சேவல் சாஸ்திரம்கூட இதைவிட நுட்பம், அது கிழமையாவது பார்க்கிறது. கொங்கு மண்ணின் முதல் பெரிய நாவலையே எடுத்துக்கொள்ளலாம். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942. விதவை, கணவனின் நிலத்தில் தனக்குப் பங்கு வேண்டும் என்று நிற்கிறாள். அவள் வலுவான பெண்ணா, குடும்பத்தைக் கெடுத்தவளா என்று பல வருஷம் பேசினோம். அவளுடைய வாயும் பிடிவாதமும் தால்சிமின் கை. அது எட்டுகிற தூரம் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்த ஊரில் கிடையாது. ஆனால் அது ஆயுதம் அல்ல, உடம்பு. நீட்டிய இடத்திலேயே ஊர் அடிக்கிறது, நடத்தையைச் சொல்லி அடிக்கிறது. திரும்ப இழுத்துக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் கெட்டியப்பன் கையில் விஷயம் போய்விடுகிறது, கொலையில் முடிகிறது. சின்னப்பன் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் நிலம் அவன் கையில் இருக்கிறது, அவன் எதையும் நீட்ட வேண்டியதில்லை. அவனை நல்லவன் என்றும் அவளைச் சிக்கலான பாத்திரம் என்றும் எழுதிய விமர்சகர்கள் ரியூவுக்கு ஆயிரம் போட்டவர்களின் அண்ணன் தம்பிகள்.

*

தால்சிமின் பிம்பத்தைக் கம்பெனி அவ்வப்போது கழுவி எடுத்தது. 1994இல் வந்த ஹாலிவுட் படத்தில் அவன் விஞ்ஞானி, நடித்தவர் ரோஷன் சேத், கை நீளவில்லை. 2016இன் ஐந்தாம் பாகத்தில் தாடியும் தலைப்பாகையும் வந்தன, கண்ணியமான பெரியவர் ஆனார். 2025இல் அறிவிக்கப்பட்ட புதுப் படத்துக்கு வித்யுத் ஜாம்வாலைப் போட்டிருக்கிறார்கள். நம்ம ‘துப்பாக்கி’ வில்லன். களரி படித்தது வாளையாறு தாண்டினால் வருகிற பாலக்காட்டில். இந்திய வேடத்துக்கு இந்திய நடிகர் என்று பாராட்டலாம்தான். 48 கிலோ எலும்பு உடம்பு அவருடைய கட்டுமஸ்தில் எப்படி உட்காரும் என்பது வேறு கேள்வி. கறுத்து மெலிந்த உடம்பு கேலியாக இருந்தபோது அதைக் கண்டித்தோம். அதை எடுத்துவிட்டு அழகான உடம்பை வைத்தால் கேலி தீர்ந்துவிட்டதா, அந்த உடம்புதான் தீர்ந்ததா?

2023இல் வந்த ஆறாம் பாகத்திலும் தால்சிம் இருக்கிறான். இப்போது ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வினாடியை அறுபதாக வெட்டி, அதில் எத்தனை துண்டு போக, எத்தனை துண்டு திரும்ப என்று அட்டவணை போட்டு, சின்னப் பையன்கள்கூட மனப்பாடம் சொல்கிறார்கள். நம்ம பட்டறைப் பையன் கண்ணால் அளந்ததைத்தான்.

அவனைப் போன வருஷம் குறிச்சி சிட்கோவில் பார்த்தேன். சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான், தலை பாதி நரைத்துவிட்டது. தனியாக இரண்டு மெஷின் வாங்கிப் போட இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், இடம் அமையவில்லை என்றும் சொன்னான். பெயரைக் கேட்டதும் எந்த ஊர், எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வருகிறதாம். டீ வந்தது. என் போனில் ஆறாம் பாகத்தின் போட்டி ஒன்றைக் காட்டினேன், தால்சிமும் ஸாங்கீஃபும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தான். தாடியைப் பற்றியோ தலைப்பாகையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ‘கை இன்னும் மெதுவாத்தான் திரும்புதுங்ணா,’ என்றான். ‘ஆனா இவன் குஸ்தியக் கிட்டயே விடல, பாத்தீங்ளா?’